ஜிக் ராடு வாங்கும் முன் ஈயத்தை முடிவு செய்யுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கரையில் நின்று மீன் பிடிக்க, ஜிக் ஹெட்டில், அதாவது ஈயம் வார்த்த தூண்டில் முள்ளில், ரப்பர் மீன் மாட்டிப் போடுகிறீர்கள். தண்ணீர் 3 முதல் 6 மீட்டர் ஆழம். கையில் இருப்பது குழாய்க்குள் குழாயாக மடங்கும் பழைய கண்ணாடி இழை டெலஸ்கோப்பிக் ராடு (தூண்டில் கம்பு). அதில் ஈயம் தரையைத் தொடுவதும் தெரியவில்லை, மீன் கொத்துவதும் தெரியவில்லை. செலவு கையைக் கடிக்காமல் ஒரு ராடு வேண்டும். ஆனால் விவரம் கேட்டால் ஒருவர் டன் என்கிறார், ஒருவர் மீடியம் ஹெவி என்கிறார், தலை சுற்றுகிறது.

முதலில் ஒரு குழப்பத்தை ஒதுக்கிவிடலாம். ஜிக் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் ஓடுகின்றன. படகில் நின்று 60, 100, 200 கிராம் உலோக ஜிக்கை நேராகக் கீழே இறக்கி ஏற்றி இறக்குவது ஒன்று. அதற்கான ராடு குட்டையானது, 2 மீட்டருக்கும் குறைவு, முரட்டு வேலைக்குச் செய்தது. நீங்கள் செய்வது தூரமாக வீசி, தரையோடு தத்தித் தத்தி இழுத்து வருவது. பெட்டியில் ஜிக்கிங் ராடு என்று அச்சடித்திருக்கிறதே என்று முதல் வகையை வாங்கி வந்து, 10 கிராம் ஈயத்தை வீசிப் பார்த்து நொந்தவர்கள் நிறைய. பெயரைப் பார்க்காதீர்கள், ராடின் மேல் எழுதிய எடையைப் பாருங்கள்.

அந்த எடைதான் விஷயமே. பலரும் ராடை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ற ஈயம் தேடுகிறார்கள். ஜிக்கில் இது தலைகீழ். எந்த ஈயத்தை அதிகம் போடப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ராடு அதற்குப் பின்னால் வர வேண்டும்.

ஈயத்தை எப்படி முடிவு செய்வது? வீசிய ஜிக் தரையில் கிடக்கிறது. தூண்டில் நரம்பைச் சுற்றும் ரீலின் கைப்பிடியை இரண்டு மூன்று சுற்று சுற்றுகிறீர்கள், நிறுத்துகிறீர்கள். ஜிக் மேலெழும்பி, திரும்பத் தரைக்கு இறங்குகிறது. நிறுத்தியதிலிருந்து தரை தொடும் வரை இரண்டு மூன்று விநாடி ஆனால் அது நல்ல இறக்கம். மீன் பெரும்பாலும் அந்த இறக்கத்தில்தான் கொத்தும். அரை விநாடியில் பொத்தென்று விழுந்தால் ஈயம் கனம்; ஐந்து விநாடி ஆகியும் விழவில்லை என்றால் இலேசு. நீங்கள் சொன்ன ஆழத்துக்கு, ஓட்டம் அதிகம் இல்லாத தண்ணீரில், 7 முதல் 18 கிராம் வரையான ஹெட்டில்தான் முக்கால்வாசி நேரம் இருப்பீர்கள். ஆற்று ஓட்டத்திலும் எதிர்க்காற்றிலும் 21 கிராமோ அதற்கு மேலோ தேவைப்படும்.

இதோடு ரப்பர் மீனின் எடையையும் கூட்டிக்கொள்ளுங்கள். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஒரு விரல் நீள ரப்பர் சில கிராம்தான், கவலையில்லை. உள்ளங்கை நீள ரப்பர் 8, 10 கிராமைத் தாண்டும். அப்போது 18 கிராம் ஹெட் போட்டால் ராடு வீசுவது 28 கிராம். ராடில் அவுன்ஸில் எழுதியிருந்தால் கணக்கு சுலபம்: கால் அவுன்ஸ் 7 கிராம், அரை அவுன்ஸ் 14, முக்கால் 21, ஒன்று 28.

ராடின் மேல் 7–28 கிராம் என்று போட்டிருந்தால் 7 கிராமிலும் 28 கிராமிலும் அது ஒரே மாதிரி வேலை செய்யும் என்று அர்த்தமில்லை. கீழ் எல்லையில் நுனி வளையாது, வீச்சு போகாது, ஈயத்தின் சேதியும் கைக்கு வராது. மேல் எல்லையில் முழுப் பலத்தோடு வீசினால் கம்பு திணறும். நடுப்பகுதிதான் அதன் சொந்த ஊர். நீங்கள் அதிகம் போடும் மொத்த எடை அந்த நடுவில் உட்கார வேண்டும். இன்னொன்று: விலை குறைந்த ராடில் 5–40, 10–60 என்று அகலமாக எழுதியிருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். எல்லாருக்கும் விற்க எழுதிய எண் அது. நான் முதலில் வாங்கிய ராடில் 10–40 என்று இருந்தது. 10 கிராமில் அது விளக்குமாற்றுக் குச்சி. 25 கிராம் போட்ட பிறகுதான் உயிர் வந்தது. ஒரு வருடம் முழுக்க எனக்கு ஜிக் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஈயம் அந்த ராடுக்குப் போதவில்லை, அவ்வளவுதான்.

எழுத்துக் கணக்கு, அதாவது லைட், மீடியம் லைட், மீடியம் என்பதெல்லாம் ஒரு நிறுவனத்துக்குள் மட்டும் பொருள் உள்ளவை. ஒருவரின் மீடியம் இன்னொருவரின் மீடியம் லைட். கிராமைப் பாருங்கள், போதும்.

அடுத்து ஆக்‌ஷன். பவர் என்பது ராடை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது; லைட், மீடியம் என்று எழுதுவது இதைத்தான். ஆக்‌ஷன் என்பது அது எங்கே வளைகிறது என்பது. ஃபாஸ்ட் என்றால் மேல் மூன்றில் ஒரு பங்கு வளையும், எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட் என்றால் நுனி மட்டும், மாடரேட் என்றால் பாதிக் கம்பு வரை. ஜிக்குக்கு ஃபாஸ்ட். காரணம் இரண்டு. ஒற்றை முள் மேல் நோக்கி நிற்கும் ஜிக் ஹெட்டில், கொத்தியவுடன் சுண்டினால் அந்தச் சுண்டல் முள்ளுக்குப் போய்ச் சேர வேண்டும். பாதி ராடு வளைந்து அதை விழுங்கிவிட்டால் மீன் ரப்பரைத் துப்பிவிட்டுப் போய்விடும். இரண்டாவது, நுனியிலிருந்து கைக்கு வரும் அதிர்வு விறைப்பான கம்பு வழியாகத்தான் ஒழுங்காக வரும். எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். விலை உயர்ந்த ராடில் சரி. மலிவானதில் எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட் என்று எழுதியிருப்பது பல சமயம் வெறும் முரட்டுக் கம்பின் மேல் ஒட்டிய மெல்லிய நுனி. வீச்சில் தூரம் போகாது, கரைக்கு வந்த மீன் கடைசித் துள்ளலில் கழன்றுவிடும்.

இப்போது டன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் உங்கள் பணம் இங்கேதான் வீணாகவும் போகும், மிச்சமும் ஆகும். 24 டன், 30 டன், 40 டன் என்பது கார்பன் இழையின் விறைப்பைச் சொல்லும் எண், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை டன் என்ற கணக்கில். பலத்தைச் சொல்லும் எண் அல்ல. விறைப்பு கூடினால் அதே வேலையைக் குறைந்த இழையில், மெல்லிய சுவரில் செய்யலாம், ராடு இலேசாகும். கூடவே அடிபட்டால் பொறுக்கும் தன்மை குறையும். கண்ணாடி இழை இதே கணக்கில் 7 டன் சுமாருக்கு வரும், அதன் அடர்த்தியும் கார்பனைவிட அதிகம். ஆகவே உங்கள் பழைய கண்ணாடி இழை ராடிலிருந்து சாதாரண 24 டன் கார்பனுக்கு வந்தாலே விறைப்பில் மூன்று மடங்கு தாண்டல். அது கையில் உடனே தெரியும். 24-லிருந்து 30-க்குப் போவது அந்த அளவு தாண்டல் இல்லை, விலையோ சட்டென்று ஏறும். குறைந்த செலவில் வாங்குபவருக்கு 24 டன் நேர்மையாகச் செய்த கம்பு போதும். மலிவு ராடின் மேல் 40 டன் என்று பெரிதாக எழுதியிருந்தால், உள்ளே ஓரிடத்தில் ஒரு துண்டு அந்த இழை இருக்கலாம், அவ்வளவே. வெவ்வேறு இழைகளைக் கலந்து சுற்றுவதுதான் வழக்கம்.

டெலஸ்கோப்பிக் வேண்டாம் என்பதற்கும் காரணம் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு மூட்டும் கனம், ஒவ்வொரு மூட்டும் அதிர்வைத் தின்னும் இடம். நரம்பு ஓடும் கைடு வளையங்களைப் பெரும்பாலும் அந்த மூட்டுகளின் முனையில்தான் வைக்கிறார்கள் என்பதால் எண்ணிக்கை குறைவு, நரம்பு ராடின் வளைவோடு போகாமல் குறுக்கே ஓடும். பையில் அடங்குவது ஒன்றுதான் அதன் நல்ல குணம். இரண்டு துண்டாகக் கழற்றும் ராடு வாங்குங்கள். ஒற்றைத் துண்டு இன்னும் நல்லது, ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு பயணம் போவது வேறு கதை.

நீளம்: படகு என்றால் 2.1 மீட்டர் போதும். கரைக்கு 2.4 மீட்டர். 2.7 வாங்கினால் தூரம் கூடும், புதர் தாண்டும், உண்மை. ஆனால் மலிவு ராடில் நீளம் கூடினால் குறைகளும் சேர்ந்து கூடும். ஒரு முனையில் பிடித்த கம்பின் மறுமுனையில் ஒரே சுமை தொங்கினால், தொய்வு நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். அதைச் சமாளிக்கத் தயாரிப்பாளர் கம்பைத் தடிப்பாக்குகிறார், நுனி கனக்கிறது, மாலைக்குள் மணிக்கட்டு வலிக்கிறது. அதே விலைக்கு 2.4 மீட்டர் ராடு எப்போதும் கொஞ்சம் நல்ல ராடாகவே இருக்கும். எடை 150 கிராமுக்குள் இருந்தால் சந்தோஷம்.

சரி, ராடு கைக்கு வருகிறது. எப்படிப் பார்ப்பது? உங்கள் சொந்த ரீலை எடுத்துப் போங்கள். மாட்டி, ரீல் தண்டை நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடையில் விட்டுப் பிடியுங்கள். ராடு தானாக முன்னால் தலை கவிழ்கிறதா? கொஞ்சம் கவிழ்ந்தால் பரவாயில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிய மாதிரி மணிக்கட்டு இழுபட்டால் வேண்டாம்.

பிறகு ஒரு சின்ன உதறல். மணிக்கட்டால் ஒரு முறை, நிறுத்துங்கள், நுனியை மட்டும் பாருங்கள். நல்ல கம்பு இரண்டு மூன்று ஆட்டத்தில் அடங்கிவிடும். சுமாரானது தென்னங்கீற்று மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். இந்த ஆட்டம்தான் வீசும்போது நரம்பைக் கைடுகளில் அடித்துத் தூரத்தைக் குறைக்கிறது. ஈயம் தரை தொட்ட செய்தியையும் இதுவே மறைக்கிறது. கடையில் பார்க்கக்கூடிய சோதனைகளில் இதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

அடுத்து, நண்பர் யாராவது கூட இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ராடைப் பிடியுங்கள். அவர் நகத்தால் நுனி வளையத்தை மெல்லச் சுரண்டட்டும். அந்தச் சுரண்டல் உங்கள் ஆள்காட்டி விரலில் கூர்மையாக வருகிறதா, போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கலாக வருகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று ராடுகளை அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒன்றை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது.

நுனியைக் கூரையில் குத்தி அழுத்தி வளைத்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். நரம்பு வழியாக எல்லாக் கைடுகளுக்கும் பரவ வேண்டிய சுமை அப்போது நுனியில் மட்டும் விழுகிறது. உடைந்தால் உங்கள் தலையில்தான் கட்டுவார்கள்.

கைடுகள். ஒற்றைக் கண்ணை மூடி, துப்பாக்கி பார்ப்பது போல அடியிலிருந்து நுனிக்குப் பாருங்கள். வளையங்கள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். மூட்டுக்குக் கீழும் மேலும் உள்ளவை சற்றுத் திரும்பியிருந்தால் திருகிச் சரிசெய்யலாம். ஒரே துண்டுக்குள்ளேயே கோணலாக இருந்தால் வைத்துவிடுங்கள். எண்ணிக்கைக்கு ஒரு கைக்கணக்கு: ராடு எத்தனை அடியோ அத்தனை கைடு, கூட ஒன்று நுனியில். 8 அடி ராடில் ஐந்தே கைடு இருந்தால் நரம்பு கம்பில் உரசும். வளையத்தின் உள்பூச்சைக் கொஞ்சம் பஞ்சால் சுற்றித் துடைத்துப் பாருங்கள், எங்காவது பஞ்சு பிடித்து இழை விட்டால் அங்கே கீறலோ விரிசலோ இருக்கிறது. பிரெய்டு நரம்பு (பல இழைகளைப் பின்னிச் செய்தது) போடும்போது அது ரம்பம் மாதிரி நரம்பை அறுக்கும். அலுமினியம் ஆக்ஸைடு வளையம் உங்கள் தேவைக்குத் தாராளம். சிலிக்கன் கார்பைடு வளையம் இன்னும் கடினமானது, வழுவழுப்பானது. அதே விலையில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம், அதற்காக மட்டமான கம்பை ஏற்க வேண்டாம்.

பிடி கார்க்கா, ஃபோமா என்பது உங்கள் இஷ்டம். மலிவான கார்க்கில் ஓட்டைகளைப் புட்டி வைத்து அடைத்திருப்பார்கள், ஒரு பருவத்தில் உதிரும். ஃபோம் அசிங்கமாகத் தெரிந்தாலும் உழைக்கும். ரீல் மாட்டும் இடம் ஆடக்கூடாது, விரல் படும் இடத்தில் கம்பு வெளியே தெரிந்தால் நல்லது. மற்றபடி பளபளப்பு, சிவப்பு நூல் கட்டு, தங்க எழுத்து எதுவும் மீனுக்குத் தெரியாது.

பணத்தை எப்படிப் பங்கிடுவது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் ரீலில் கொட்டிவிட்டு ராடில் மிச்சம் பிடிக்கிறார்கள். ஜிக்கில் உங்கள் காதும் விரலும் ராடும் நரம்பும்தான். ரீல் நரம்பைச் சீராகச் சுற்றினால் போதும், அளவு எண் 2500, மீன் பலமாக இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் டிராக் திக்காமல் விட்டால் சரி, எத்தனை பேரிங் என்ற எண்ணை மறந்துவிடுங்கள். முதலில் ராடு, அப்புறம் நரம்பு, கடைசியில் ரீல்.

நரம்பைப் பற்றி ஒரு உண்மை: ராடே வாங்க முடியாத நிலை என்றால், இருக்கிற ராடில் பிரெய்டு மட்டும் மாற்றிப் பாருங்கள். நைலான் நரம்பு அறும் முன் 20 சதவீதத்துக்கு மேல்கூட நீளும். 40 மீட்டர் தூரத்தில் மீன் மூக்கால் தட்டுவது அந்த நீட்சியிலேயே கரைந்துபோகும். பிரெய்டு சில சதவீதம்தான் நீளும். நீங்கள் போடும் ஈயத்துக்கு பிஇ 0.8 அல்லது 1 போதும்; பிஇ என்பது பிரெய்டின் தடிமனைச் சொல்லும் எண். பிஇ 1 என்பது சுமார் 0.165 மில்லிமீட்டர் தடிமன். தடித்த பிரெய்டு போட்டால் தண்ணீரும் காற்றும் அதைப் பிடித்து இழுக்கும், 10 கிராம் ஹெட் தரைக்கே போகாது. பாறைத் தரை என்றால் முன்னால் ஒரு மீட்டர் ஃபுளோரோகார்பன் நரம்பு கட்டுங்கள், பிரெய்டு உரசலைத் தாங்காது. பழைய ராடில் பிரெய்டு போட்டு இரண்டு நாள் போட்டுப் பார்த்துவிட்டு ராடு வாங்கப் போனால், எது குறைகிறது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

வேறொருவர் பயன்படுத்திய பழைய ராடு கிடைத்தால் வாங்கலாமா? வாங்கலாம், ஒரு நிபந்தனையோடு. கம்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி விரல் நகத்தால் நீள வாக்கில் தடவுங்கள். ஜிக் ஹெட் வீசும்போது கம்பில் பட்டுத் தெறித்திருந்தால் ஒரு சின்னப் புள்ளி, குழி, பெயிண்ட் நொறுங்கிய தடம் இருக்கும். கார்பனுக்கு அது புற்று. அன்று ஒன்றும் ஆகாது, பத்தாவது மீனில் அதே இடத்தில் டப்பென்று போகும். புது ராடு காரணமே இல்லாமல் உடைந்தது என்பவர்களில் பலர் இந்த அடியை மறந்தவர்கள்தான். மற்றவர்கள் மீனைக் காலடிக்குக் கொண்டுவந்து, ராடை நேர் செங்குத்துக்கு மேல் பின்னால் சாய்த்தவர்கள். அப்போது சுமை முழுவதும் மெல்லிய நுனிக்குப் போய்விடும். நானும் ஒன்றை அப்படித்தான் முடித்தேன், மீனோ கால் கிலோகூட இருக்காது. அதற்கப்புறம் கடைசி இரண்டு மீட்டரில் ராடைத் தாழ்த்தி, வலையால் எடுக்கிறேன். ஜிக் சிக்கிக்கொண்டால் ராடால் உலுக்காமல், ராடை நரம்பின் நேர்கோட்டில் நீட்டிப் பின்வாங்குங்கள். கார்பன் மின்சாரம் கடத்தும் பொருள். மின்கம்பிக்கு அடியிலும் இடி மின்னலிலும் வீச வேண்டாம்.

ஆக உங்களுக்கு நான் வாங்கிக் கொடுப்பதாக இருந்தால்: 2.4 மீட்டர், இரண்டு துண்டு, ஃபாஸ்ட், 7–28 கிராம் அல்லது அதை ஒட்டிய எண், சாதாரண கார்பன், நுனி வளையம் போக எட்டுக் கைடு, ரீல் தரைப்பக்கம் தொங்கும் ஸ்பின்னிங் வகை. உங்கள் தண்ணீர் பெரும்பாலும் 3 மீட்டர்தான், 7 கிராமுக்குக் குறைவாகவே போடுவீர்கள் என்றால் 3–15 கிராம் ராடு; ஓட்டமுள்ள ஆறுதான் அதிகம் என்றால் 10–35. இரண்டையும் ஒரே ராடு செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டால் இரண்டிலும் பாதிதான் கிடைக்கும்.

வாங்கிய முதல் நாள் மீன் பிடிக்கப் போகாதீர்கள். மணலோ சிறு கல்லோ உள்ள தரையாகப் பார்த்து, ரப்பர் இல்லாமல் 14 கிராம் ஹெட்டை மட்டும் வீசுங்கள். நரம்பு நுனியிலிருந்து விறைப்பாகச் சாய்ந்து தண்ணீருக்குள் போகும். தரை தொட்டதும் அது சட்டென்று தொய்யும், அதே கணத்தில் நுனி ஒரு விரற்கடை நிமிரும். முதலில் கண்ணால் அதைப் பிடியுங்கள். இருபது வீச்சுக்குப் பிறகு கண்ணை வேறு பக்கம் திருப்பி, விரலுக்கு அந்தத் தட் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் 10 கிராமுக்கு இறங்குங்கள், அப்புறம் 7. எந்த எடையில் செய்தி நின்றுபோகிறதோ அதுதான் உங்கள் ராடின் உண்மையான கீழ் எல்லை, மேலே என்ன எழுதியிருந்தாலும். 14 கிராமிலேயே ஒன்றும் வரவில்லை என்றால் ராடைக் கழுவித் துடைத்து, அட்டையோடு கடைக்குத் திருப்பிக் கொண்டு போங்கள். அதனால் ரசீதை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.